ரெண்டு கோழியில் எட்டுக் கால்

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் ஈஸ்வரமூர்த்திக்கு ஒரு பொரித்த சிக்கன் கடை. அங்கே விலை ஏற ஏறக் கோழி இளைத்துக்கொண்டே போகும். ஒருநாள் அவர் சமையல்காரி பூவாத்தாவைக் கூப்பிட்டார்.

"மகளுக்குப் பேசியிருக்கிற சம்பந்தி வீட்டுல இருந்து எட்டுப் பேர் சாப்பிட வர்றாங்க. எல்லாருக்கும் கால் துண்டு வெச்சாகணும். கோழி ரெண்டுதான் தருவேன்."

"ரெண்டு கோழிக்கு நாலு கால்தானுங்களே?"

"அது உன் பாடு. எட்டு வரலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

பூவாத்தா எட்டையும் மொறுமொறுவென்று பொரித்து வைத்தாள். சம்பந்தி ஒரு கடி கடித்தார். வாயெல்லாம் மாவு, உள்ளே கழுத்தெலும்பு.

"என்ன கருமம் இது?" என்று முதலாளி குதித்தார்.

"விலை ஏத்துன அன்னைக்கு, கழுத்தெலும்புல மாவை உருட்டி, 'இனி இதுதான் காலு'ன்னு நீங்கதானுங்க செஞ்சு காட்டுனீங்க. கடைக்கு வர்றவங்களுக்குத் தினமும் இதைத்தானுங்களே வெக்கிறோம்!"

"நீ நாளையிலிருந்து..." என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்தம்மாவை நிறுத்திப்போடாதீங்க சம்பந்தி. பொண்ணுக்குப் போடறதாச் சொன்ன நகையை உரசிப் பாக்கறப்ப இவங்க பக்கத்துல இருக்கோணும்."