ரோஸ்லின் சிஸ்டரும் பச்சை வண்டியும்

கரிசல் சீமையில் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் ரோஸ்லின் சிஸ்டர் கோபித்துக்கொள்வார். அதனால் பெயர் வேண்டாம்.

அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அவர் ஹெட் நர்ஸ். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

பழைய காலத்து அழகில் செய்த புது வண்டி. உருண்டை ஹெட்லைட், மாம்பழம் போல வளைந்த டேங்க், வெளிர் பச்சைப் பெயின்ட், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் நீளமான சைலன்சர். சீட் தாழ்வு, உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதியும். ரேஸுக்கு ஆகாது, மலையேற ஆகாது. சாயங்காலம் காற்று வாங்கப் போவதற்கு அதைப்போல வேறு வண்டி கிடையாது.

ஷோரூம்காரர் சிஸ்டரை விட்டுவிட்டு, கூட வந்த தம்பி எட்வினைப் பார்த்து, "சாருக்குத்தானே?" என்று கேட்டார்.

"எனக்கு" என்றார் சிஸ்டர்.

வெளியே வந்ததும் எட்வின் கேட்டான். "எதுக்குக்கா இது? உன் வயசுக்கு ஸ்கூட்டர் வாங்கலாம்லா?"

"அழகா இருக்குடா. வேற காரணம் வேணுமா?"

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பூ வைத்த காரில் ஏற்றுவார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வேனில் பின்னாலேயே வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். சிஸ்டர் டியூட்டி ரூமில் வைத்து ஒருநாள் சொல்லிவிட்டார்: "எனக்கு கார் வேண்டாம். என் வண்டியில நானே போவேன். நீங்க பின்னால வாங்க."

சொன்ன சொல் வார்டு வார்டாகச் சுற்றி, பிணவறை வாட்ச்மேன் காது வரை போய்விட்டது. இனிமேல் பின்வாங்கினால் மானம் கப்பலேறும்.

இதில் ஒரே ஓர் இடைஞ்சல்தான். சிஸ்டருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

பெண்களுக்கு வண்டி கற்றுக்கொடுக்க அந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள். செண்பகம், வயது இருபத்தொன்பது. சந்தை கூடாத நாட்களில் வாரச்சந்தைத் திடலில் காலை ஐந்தரைக்குப் பாடம் நடக்கும். பேச்சு குறைவு.

"நான் பொறந்தப்ப நீங்கதான் டியூட்டியாம். அம்மா சொல்லும்" என்றாள் செண்பகம் முதல் நாள்.

"மறக்குமா? தலைக்குப் பதிலா காலு வந்துச்சு. அப்பவே பிரேக் போட்டுக்கிட்டு வந்தவ நீ" என்றார் சிஸ்டர். இருந்தாலும் பாடம் தொடங்கியதும் 'நீ' போய் 'டீச்சர்' வந்துவிட்டது. சிஸ்டர் அதில் எல்லாம் கறார்.

செண்பகம் தரையில் நாலைந்து சாக்கை விரித்தாள். பச்சை வண்டியை அதன் மேல் மெதுவாகச் சாய்த்துப் படுக்கப் போட்டாள்.

சிஸ்டர் ஓடிவந்து டேங்கைத் தொட்டுப் பார்த்தார். "ஏம்மா! ஃபாதர் தெளிச்ச தீர்த்தம் கூட இன்னும் காயல!"

"தூக்குங்க, சிஸ்டர்."

சிஸ்டர் குனிந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார். வண்டி அசைவேனா என்றது.

"வார்டுல நூறு கிலோ பேஷண்ட எப்படித் தூக்குவீங்க?"

"முதுக வளைக்காம, கால் பலத்துல."

"இதுவும் பேஷண்டுதான்."

சிஸ்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு திரும்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டோடு அணைத்து உட்கார்ந்தார். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கம்பியில். அப்படியே பின்னால் அடி அடியாக நடந்தார். வண்டி எழுந்து நின்றது.

"இன்னைக்குப் பாடம் அவ்வளவுதான்" என்றாள் செண்பகம்.

மறுநாளும் முதல் வேலை அதுதான். அதற்கு மறுநாளும் அதுதான். ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் தினமும் ஒரு தடவை படுக்கப் போட்டுத் தூக்கிய பிறகே சாவி கைக்கு வரும்.

"நான் ஓட்டப் படிக்க வந்தேனா, மூட்டை தூக்கப் படிக்க வந்தேனா?" என்று எட்வினிடம் புலம்பினார் சிஸ்டர்.

வண்டி என்னவோ தங்கமான வண்டி. கிளட்சை விட்டால் பதறாமல் கிளம்பும். தப்பான கியரில் போட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே இழுக்கும். அதன் டுப் டுப் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் சிஸ்டருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிடும். அறுபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருந்ததே என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம். ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த கண் அது. மானிட்டரைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. வண்டியில் ஏறினாலும் மீட்டரை விட்டு நகராது. இருபதா, இருபத்திரண்டா, திரும்பவும் இருபதா என்று குறித்துக்கொண்டே போவார். எதிரே மாடு வந்தால் மாடுதான் ஒதுங்க வேண்டும்.

"முன்னால பாருங்க, சிஸ்டர்" என்பாள் செண்பகம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பாள்.

ஒரு மாதம் முடிந்த அன்று சிஸ்டர் முதல் தடவையாகக் கேட்டார். "டீச்சர், நான் ரெடியா? தனியாப் போலாமா?"

செண்பகம் மீட்டரை ஒரு பார்வை பார்த்தாள். "பையில பிளாஸ்டர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நர்ஸ் பையில் இல்லாமல் இருக்குமா? சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார். செண்பகம் இரண்டு துண்டு கிழித்து மீட்டரின் குறுக்கே ஒட்டினாள்.

"எவ்வளவு வேகம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப மானிட்டர் இருந்துச்சா?"

"அப்ப ஏது? கையப் பிடிச்சுத்தான் பாக்கணும்."

செண்பகம் சாவியை நீட்டினாள்.

சிஸ்டர் அன்று ஹேண்டிலைப் பிடித்த கையில் ஏதோ வித்தியாசம் இருந்தது. வண்டியின் துடிப்பு விரலுக்கு வந்தது. திடலை மூன்று சுற்றுச் சுற்றினார். கண் முன்னால் இருந்தது. மாடு ஒன்று வந்தது, அவரே ஒதுங்கினார்.

இரண்டாம் மாதம் பைபாஸில் பழக்கினாள். சிஸ்டர் பச்சை வண்டியில், செண்பகம் தன் வண்டியில் பக்கத்தில். ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போட்டுக் காட்டினார். லைசென்ஸ் வந்துவிட்டது.

"போலாமா, டீச்சர்?"

"வண்டியத் துடைச்சி மூடி வைங்க. நாளைக்குப் பாப்போம்."

சர்க்காரே சரி என்று சொல்லியாயிற்று. இவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். சிஸ்டருக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் முப்பத்தாறு வருஷம் டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஒரு பேஷண்டையும் டிஸ்சார்ஜ் பண்ணாதவர் அவர். டீச்சர் வாயால் அந்த ஒரு வார்த்தை வராமல் தனியாகக் கிளம்ப அவருக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் பாடம் முடிந்ததும் வெயில் ஏறியிருந்தது. செண்பகத்தின் வண்டி பஞ்சர்.

"ஏறுங்க டீச்சர், நான் கொண்டுபோய் விடுதேன்."

"நான் யார் பின்னாலயும் உக்காரது இல்ல."

"உன் புருஷன் பின்னால கூடவா?" வியப்பில் 'டீச்சர்' மறந்துபோயிற்று.

"மறுவீட்டுக்கு நான்தான் ஓட்டிட்டுப் போனேன். அவர் மாலையோட பின்னால உக்காந்து வந்தாரு. தெருவே சிரிச்சுது."

"அவர் என்ன சொன்னாரு?"

"இடுப்பு வலிக்குது, மெதுவாப் போன்னாரு."

சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "அப்படி என்ன பிடிவாதம்?"

"எம் உசுர இன்னொருத்தர் கையில குடுத்தது ஒரே தடவதான், சிஸ்டர். அன்னைக்கு எனக்கு விவரம் தெரியாது."

"என்னைக்கு?"

"பொறந்த அன்னைக்கு."

செண்பகம் பஞ்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

மே முப்பதாம் தேதி வந்தது.

"நாளைக்குத்தான், டீச்சர். ஆஸ்பத்திரியே வாசல்ல நிக்கும். இப்பவாவது சொல்லுங்க. போலாமா, வேண்டாமா?"

"நாளைக்கு வாரேன்" என்றாள் செண்பகம்.

மறுநாள் மாலை ஐந்து மணி. பாராட்டு, கண்ணீர், மிக்சர், டீ எல்லாம் முடிந்தது. சிஸ்டர் வெள்ளைச் சுடிதாரில் வெளியே வந்தார். கழுத்தில் ஆளுயர மாலை. வேப்பமரத்தடியில் பச்சை வண்டி, டேங்கில் மல்லிகைச் சரம். பக்கத்திலேயே பூ வைத்த கார் ஒன்றும் நின்றது. எட்வின் ஏற்பாடு. "சும்மா இருக்கட்டும்க்கா, ஒரு அவசரத்துக்கு" என்றான்.

கேட் ஓரம் செண்பகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிஸ்டர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

மாலையைச் சுருக்கி முடிச்சுப் போட்டு, ஹெல்மெட் மாட்டி, சிஸ்டர் வண்டியைக் கிளப்பினார். டுப் டுப் என்று அது பேசத் தொடங்கியதும் கைதட்டல் எழுந்தது. மாடி ஜன்னல் எல்லாம் தலைகள். கேட் வரை அம்சமாகப் போனார்.

கேட்டில் திரும்பும்போது ஆம்புலன்ஸ் ஒன்று சைரனோடு உள்ளே நுழைந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஓரமாக ஒதுங்கியிருப்பார்கள். சிஸ்டரின் கண் ஆம்புலன்ஸ் ஜன்னலுக்குள் போய்விட்டது. படுத்திருப்பது யார், மூச்சு இருக்கிறதா, டிரிப்ஸ் ஓடுகிறதா? முப்பத்தாறு வருஷப் பழக்கம் ஐந்து மணிக்கு ஓய்வு பெற்றுவிடுமா? ஹேண்டில் திரும்பியபடி இருக்க, கை முன் பிரேக்கை இறுக்கிவிட்டது.

பச்சை வண்டி சாய்ந்தது. சிஸ்டரும் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரி மொத்தமும் "அய்யோ!" என்றது.

தரையில் உட்கார்ந்தபடியே சிஸ்டர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "உள்ள யாரு?"

"பிரசவம், சிஸ்டர்! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க! வழியிலயே பிறந்துட்டுது!"

"சரி, சரி, உள்ள போ."

அதற்குள் பத்துப் பேர் ஓடிவந்துவிட்டார்கள். முழங்கையில் சிராய்ப்பு, டேங்கில் ஒரு நீளக் கீறல். எட்வின் தோளைப் பிடித்தான். "அடி பெருசா இல்லல்ல? போதும்க்கா. கார்ல ஏறு. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

எல்லாரும் நினைப்பார்கள் என்று சிஸ்டருக்குத் தெரியும். கண்ணில் நீர் முட்டியது. வலியால் இல்லை. மூன்று மாதமாக டீச்சர் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது புரிந்துவிட்டதாக நினைத்தார். நமக்கு வரவில்லை, அவள் சொல்லத் தயங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

வார்டு பாய்கள் இரண்டு பேர் வண்டியைத் தூக்கக் குனிந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க." செண்பகத்தின் குரல். அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கட்டிய கையை அவிழ்க்கவும் இல்லை.

சிஸ்டர் எழுந்தார். மாலையைக் கழற்றி எட்வின் கழுத்தில் போட்டார்.

வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இடுப்பை சீட்டோடு அணைத்து உட்கார்ந்தார். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கம்பியில். கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. அடி, அடியாக, பின்னால், அறுபது வயது ரோஸ்லின் சிஸ்டர் நடந்தார். பச்சை வண்டி எழுந்து நின்றது.

முதலில் கைதட்டியது பிணவறை வாட்ச்மேன். அப்புறம் மாடியும் வாசலும் சேர்ந்து தட்டிய சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. கொஞ்ச நேரம் முன்னால் தட்டியதெல்லாம் மரியாதைக்குத் தட்டியது என்று அப்போதுதான் தெரிந்தது.

சிஸ்டருக்குத் தலை தானாக நிமிர்ந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அப்ப கார்?" என்றான் எட்வின், மாலையும் கழுத்துமாக.

"வீணாப் போக வேண்டாம். மாலைய அதுல ஏத்திட்டு வா."

வண்டி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. சிஸ்டர் செண்பகம் பக்கம் திரும்பினார். கேட்கத்தான் நினைத்தார். ஆனால் கீழே விழுந்தவள் எந்த முகத்தோடு கேட்பது? வாய் வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டார்.

செண்பகம் கேட் ஓரத்தில் நின்ற தன் வண்டியின் சாவியை எடுத்து வாட்ச்மேன் கையில் கொடுத்தாள். மெதுவாக நடந்து வந்தாள். டேங்கில் இருந்த கீறலைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பச்சை வண்டியின் பின் சீட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

சிஸ்டர் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னால பாருங்க, சிஸ்டர்" என்றாள் செண்பகம். "போலாம்."