பொட்டு வைத்த விளக்கு

தென்காசியில் நயினார் என்பவரிடம் ஒரு பழைய வாடகைக் கார் இருந்தது. அதன் புகைக்குழாயில் ஒரு சென்சார் குடியிருந்தது. வெளியேறும் புகையை முகர்ந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று, பெட்ரோலை அளந்து ஊற்றும் வண்டியின் கம்ப்யூட்டரிடம் சொல்வது அதன் வேலை. காரின் மூக்கு என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

வருஷக்கணக்கில் கரி படிந்து அந்த மூக்கு அடைத்துப்போனது. பாவம், அதற்கே அது தெரியாது. வாசனை வராததால் பெட்ரோலே வரவில்லை என்று நினைத்துக்கொண்டது.

"எஞ்சின் பட்டினி கிடக்கிறது! இன்னும் ஊற்று!" என்றது.

கம்ப்யூட்டர் ஊற்றியது.

"ஐயோ, போதும்! மூச்சு முட்டுகிறது!" எஞ்சின் கரும்புகையாக இருமியது.

கம்ப்யூட்டருக்குத் தலை சுற்றியது. ஒருவன் பசி என்கிறான், இன்னொருவன் போதும் என்கிறான். யாரை நம்புவது? எஞ்சின் பேச்சைக் கேட்டு அதற்குப் பழக்கமில்லை. மறுபடியும் மூக்கையே கேட்டது.

"இன்னும் ஊற்று!"

குழம்பிப்போன கம்ப்யூட்டர் டாஷ்போர்டின் மஞ்சள் விளக்கை எழுப்பியது. "எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீயாவது நயினாரிடம் சொல்."

விளக்கு எரிந்தது.

"ஏங்க, இது என்ன எப்பப் பாத்தாலும் கண்ணக் குத்திக்கிட்டு?" என்றாள் நயினாரின் மனைவி பகவதி. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினாள். நயினாருக்கும் நிம்மதியாகப் போயிற்று.

பொட்டுக்குப் பின்னால் விளக்கு கத்திக்கொண்டே இருந்தது. பெட்ரோல் கரைந்தது.

"என்னமா குடிக்கு இந்த எஞ்சினு! பேசாம இரும்புக் கடையில போட்டுற வேண்டியதுதான்" என்றார் நயினார்.

எஞ்சின் நடுங்கியது. வாயைப் பிளந்து ஊற்றியது யாரோ, குடிகாரன் பட்டம் அதற்கு. எனக்கே கோபம் வருகிறது.

இரும்புக் கடைக்குப் போகிற வழியில், மனசு கேட்காமல் மெக்கானிக் ஜமாலிடம் வண்டியைக் காட்டினார் நயினார். ஜமால் பொட்டை உரித்தார். மஞ்சள் வெளிச்சம் பளிச்சென்று வந்தது.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. சென்சார்தான் செத்துக் கெடக்கு."

புது சென்சார் வந்தது. முகர்ந்ததுமே, "அம்மாடி, நிரம்பி வழிகிறது! குறை, குறை!" என்றது.

கம்ப்யூட்டர் குறைத்தது. எஞ்சின் நிம்மதியாக மூச்சு விட்டது. விளக்கு அணைந்தது. வண்டி வீட்டுக்கே திரும்பியது.

கம்ப்யூட்டருக்கு மட்டும் குழப்பம் தீரவில்லை. "பழையதும் இதே உறுதியோடுதானே சொன்னது? நாளைக்கு இதற்கும் மூக்கடைத்தால்?"

"அதற்குத்தான் நான் இருக்கிறேனே" என்றது விளக்கு.

அப்போது பகவதி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அட, இந்த எடம் மொட்டையால்லா இருக்கு" என்று சொல்லி, புதுப் பொட்டு ஒன்றை எடுத்து அழகாக ஒட்டினாள்.