தூங்காத குட்டியும் கோள் சொன்ன காகமும்

வடகடலின் கோடியில் ஒரு சின்னத் தீவு இருந்தது. அங்கே மரமே கிடையாது. பாறை, புல், பாசி, எந்நேரமும் வீசும் காற்று, அவ்வளவுதான். அந்தத் தீவில் ஓர் ஓடை கடலில் விழும் இடத்தில், ஒரு நீர்நாய்க் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது.

அம்மாவின் பெயர் வெண்கழுத்தி. அப்பா துடுப்பன். ஒரே மகள் சிமிட்டி.

சிமிட்டி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். இரண்டு எட்டு வைப்பாள். உடனே ஓடுவாள். உடனே குப்புற விழுவாள். விழுந்த இடத்தில் எது கிடைத்தாலும் அது வாய்க்குள் போய்விடும். கூழாங்கல், நத்தை ஓடு, பறவை இறகு என்று பாகுபாடே கிடையாது.

"துப்பு! துப்புடி கண்ணு!" என்று வெண்கழுத்தி ஓடுவாள்.

சிமிட்டி வாயை இறுக மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்தப் பக்கத்தில் கோடைக்காலத்தில் சூரியன் மறைவதே இல்லை. அடிவானத்தில் கொஞ்சம் சாயும். பிறகு ஏதோ மறந்துபோனதுபோல மறுபடி மேலே வந்துவிடும். சிமிட்டிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "தூங்கும்மா" என்றால் வளையின் வாசலைக் காட்டுவாள். "வெச்சம்! வெச்சம்!" என்பாள். வெளிச்சமாக இருக்கிறதாம். வெளிச்சம் இருந்தால் விளையாட வேண்டுமாம்!

அவள் தூங்காததால் வீட்டில் யாருமே தூங்கவில்லை. துடுப்பன் கடலுக்குப் போய் மீன் பிடித்து வருவான். வளைக்கு முன்னால் இருந்த தட்டைப் பாறையில் அதைப் போடுவான். வெண்கழுத்தி குட்டியைப் பார்த்துக்கொள்வாள். அவன் திரும்பியதும் குட்டியை அவனிடம் விட்டுவிட்டு அவள் சற்றுக் கண்ணயர்வாள். கொஞ்ச நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் வேறு ஆளில்லை. தூரத்துப் பாறையில் சீல் எனப்படும் கொழுத்த கடல் விலங்குகள் கிடந்தன. அவை எதற்கும் எழுந்திருப்பதில்லை. செங்குத்துப் பாறையில் கடற்பறவைகள் இருந்தன. அவற்றுக்கு அவற்றின் கூச்சலே பெரும்பாடு.

பேச்சுத்துணைக்கு வந்தது ஒரே ஒரு ஜீவன்தான். அது ஓர் அண்டங்காக்கை. மை போலக் கறுத்த அந்தக் காகத்தை எல்லோரும் மையண்ணன் என்று கூப்பிட்டார்கள். தீவு முழுக்கச் சுற்றி வந்து செய்தி சொல்லும்.

"வாத்துக்கூட்டம் வந்து இறங்கியாச்சு தங்கச்சி! மேற்குப் பக்கம் சீலுக்குக் குட்டி பொறந்திருக்கு. பொம்பளப் பிள்ளை!"

வெண்கழுத்திக்கு அந்தச் செய்திகள் தேனாக இருக்கும். நாள் முழுக்க "துப்பு", "வா", "விழுந்துடுவே" என்ற மூன்றே சொற்களைப் பேசிக்கொண்டிருப்பவளுக்கு வேறு எப்படி இருக்கும்? காகத்துக்கு ஒரு மீன் தலையை எடுத்துக் கொடுப்பாள். காகம் அதை விழுங்கிவிட்டுத் தட்டைப் பாறையைப் பார்க்கும். அங்கே முழு மீன்கள் பளபளக்கும். ஆனால் பாறைக்குப் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார்கள்.

ஒருநாள் காகம் வழக்கத்தைவிட அருகில் வந்து உட்கார்ந்தது.

"தங்கச்சி, சொன்னா கோவப்படக் கூடாது."

"என்னண்ணே?"

"சும்மா கடல் பக்கம் போயிருந்தேன். நம்ம மாப்பிள்ளையைப் பாத்தேன். கடற்பாசி மெத்தை மேல மல்லாந்து மிதந்துக்கிட்டிருக்காரு. வயித்து மேல ஒரு நண்டு! உடைக்கிறாரு, திங்கிறாரு, கண்ணை மூடிக்கிறாரு. நீ இங்க இந்தப் பாடு படறே. எனக்கு மனசு கேக்கலை!"

"அவரா?"

"நான் சொன்னேன்னு கேட்டுடாதே தாயே. உங்களுக்குள்ள வம்பு எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுக் காகம் கடல் பக்கமாகப் பறந்து போயிற்று. வெண்கழுத்தி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. காகம் எங்கும் பறக்கும்தானே.

அன்று துடுப்பன் வந்தபோது அவன் மீசையைப் பார்த்தாள். ஒரு நண்டுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு காகம் தினமும் வந்தது. தினமும் ஏதாவது ஒன்று சொல்லிற்று. வீட்டில் பேச்சு குறைந்தது. "மீன்" என்பான் அவன். "ம்" என்பாள் அவள். சிமிட்டி மட்டும் அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்து, "மீ! மீ!" என்று கத்துவாள். இருவரும் குட்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள். தங்களுக்குள் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

ஒருநாள் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. துடுப்பன் நல்ல கொழுத்த மீன்களாகக் கொண்டுவந்து பாறையில் போட்டான். வெண்கழுத்திக்குத் தலை கனத்தது.

"இவளைப் பாத்துக்குங்க. நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்றாள்.

"நாள் பூரா படுத்துத்தானே கிடக்கறே!" என்று சொல்லிவிட்டான் துடுப்பன்.

"என்னது?"

"வெயில்ல காலை நீட்டிப் படுத்துக்கிறியாம். பிள்ளை பாட்டுக்கு மண்ணைத் திங்குதாம்!"

"ஓ! கடற்பாசி மெத்தையில மல்லாந்து நண்டு திங்கிறவரு இதைச் சொல்றாரா?"

"நானா? குளிர்த் தண்ணியில முங்கி முங்கி எனக்கு எலும்பெல்லாம் வலிக்குது!"

"எனக்கு எலும்பே இல்லையா?"

அவர்கள் சத்தத்தில் செங்குத்துப் பாறைப் பறவைகளே ஒரு கணம் வாயை மூடிக்கொண்டன. கடைசியில் வெண்கழுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு வளைக்குள் போனாள். துடுப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடைக்கரைப் பக்கம் போனான். அவன் பார்த்துக்கொள்வான் என்று அவள் நினைத்தாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவன் நினைத்தான்.

வெண்கழுத்தி கண்ணை மூடினாள். தூக்கம் வரவில்லை. ஏதோ குறைந்தது. என்னவென்று யோசித்தாள். சத்தம்! குழந்தையின் சத்தத்தையே காணோம். கல் உருளும் சத்தம், தொப்பென்று விழும் சத்தம், சிரிப்பு, சிணுங்கல், எதுவுமே இல்லை.

அவள் பதறி எழுந்து வெளியே ஓடினாள்.

"ஏங்க! சிமிட்டி எங்கே?"

துடுப்பன் ஓடைக்கரையிலிருந்து தலையைத் தூக்கினான். "உன்கிட்டதானே இருந்தா?"

"உங்ககிட்டதானே விட்டேன்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே கரைக்கு ஓடினார்கள். ஈர மணலில் சின்னஞ்சிறு காலடிகள் இருந்தன. நடந்து, ஓடி, விழுந்து, மறுபடி ஓடிய காலடிகள். அவை நேராகக் கடலுக்குள் போயிருந்தன.

நீர்நாய்க் குட்டிக்குப் பிறந்ததுமே நீச்சல் வந்துவிடாது. அதன் ரோமம் பஞ்சு மாதிரி இருக்கும். மூழ்கத் தெரியாது, துழாவத் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் தக்கை போல மிதக்கும். நீரோட்டம் எங்கே இழுக்கிறதோ அங்கே போகும்.

"அதோ!" என்றான் துடுப்பன்.

கரையிலிருந்து தள்ளி, ஒரு பழுப்புப் பந்து அலை மேல் சுழன்றுகொண்டிருந்தது. முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அழுகை. கரையேறிய தண்ணீர் இறங்கி, கடல் வற்றும் நேரம் அது. தண்ணீர் முழுவதும் கிழக்கு முனையைச் சுற்றிக்கொண்டு பெருங்கடலுக்குப் பாய்ந்தது.

"நீங்க பின்னால நீந்திப் போங்க! நான் முனைக்கு ஓடறேன்!" என்றாள் வெண்கழுத்தி.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீரில் பாய்ந்தான்.

அவள் பாறைகளின் மேல் ஓடினாள். நீர்நாய்க்குத் தரையில் ஓட்டம் வராது. குட்டைக் கால்கள் வழுக்கின. சிப்பிகள் பாதத்தைக் கிழித்தன. முனைக்கு வந்ததும் நின்று பார்க்கக்கூட இல்லை, குதித்தாள். நீரோட்டம் அவளை உருட்டிப் புரட்டியது. தலையைத் தூக்கினாள். அலை மறைத்தது. மறுபடி தூக்கினாள். அந்தப் பழுப்புப் பந்து நேராக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது!

பிடரியைக் கவ்விப் பிடித்தாள். சிமிட்டி வீறிட்டாள். அந்த வீறலைவிட இனிமையான சத்தத்தை வெண்கழுத்தி அதுவரை கேட்டதில்லை.

ஆனால் திரும்பி நீந்த முடியவில்லை. வாயில் குட்டி. எதிரே அவ்வளவு வேகமான தண்ணீர். கை சோர்ந்தது. அவள் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். அப்போது பக்கவாட்டில் ஒரு பெரிய உடம்பு வந்து அணைத்தது. துடுப்பன்! தண்ணீர் பாயும் பக்கத்தில் தன் உடம்பைக் கொடுத்து, அவளை நெட்டித் தள்ளிக்கொண்டே வந்தான். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, முனைக்கு அப்பால் இருந்த கடற்பாசிக் காட்டை எட்டிப் பிடித்தார்கள். நீளமான பாசி இழைகளை உடம்பில் சுற்றிக்கொண்டார்கள். இனி நீரோட்டம் அடங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இருவரும் மல்லாந்து மிதந்தார்கள். நடுவில், இருவர் வயிற்றின் மேலும் பாதிப் பாதியாகச் சிமிட்டி கிடந்தாள்.

துடுப்பன் குட்டியின் முகத்திலிருந்த உப்புநீரை நக்கித் துடைத்தான். பிறகு வெண்கழுத்தி மெல்லக் கேட்டாள்.

"நான் வெயில்ல படுத்திருக்கேன்னு யாரு சொன்னது?"

"மையண்ணன்."

"நீங்க நண்டு திங்கிறீங்கன்னு எனக்குச் சொன்னதும் அவருதான்."

துடுப்பன் வானத்தைப் பார்த்தான். "மல்லாந்து மிதந்தது நிஜம்தான். முங்கி முங்கி மூச்சு வாங்கும். அப்போ கொஞ்சம் மிதப்பேன். நண்டும் ஒருநாள் தின்னேன்."

"வெயில்ல படுத்ததும் நிஜம்தான். இவ வாலை என் காலால மிதிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். கண்ணை மூடலை."

"என்கிட்ட நீ கேட்டிருக்கலாமே."

"நீங்களும் கேட்டிருக்கலாமே."

துடுப்பன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பில் இரண்டு வயிறுகளும் குலுங்கின. அந்தக் குலுங்கலில் சிமிட்டி ஒரு கொட்டாவி விட்டாள். பளீரென்ற வெளிச்சத்தில், நடுக்கடலில், அப்படியே தூங்கிப்போனாள்.

நீரோட்டம் அடங்கியதும் வீடு திரும்பினார்கள். தட்டைப் பாறையில் மீன் இல்லை. முள் மட்டும் கிடந்தது. நடுவில் காகம் உட்கார்ந்திருந்தது. வயிறு பருத்துப் பறக்க முடியாமல் இரண்டு முறை தத்திப் பார்த்தது.

"வந்துட்டீங்களா? நான் வீட்டைக் காவல் காத்துக்கிட்டிருந்தேன்!" என்றது.

"பிள்ளை கடலுக்குப் போனதைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் வெண்கழுத்தி.

காகம் தலையைச் சாய்த்தது. "பாத்தேன் தங்கச்சி. ஒரு மீன் என் அலகுலேர்ந்து நழுவித் தண்ணியில விழுந்துடுச்சு. பாப்பா அது பின்னாலயே போச்சு. கத்தலாம்னுதான் பாத்தேன். ஆனா அதுக்குள்ள இன்னொரு மீன் வாயில இருந்துது!"

துடுப்பன் பல்லைக் காட்டிப் பாய்ந்தான். காகம் அலறிக்கொண்டு புல்மேட்டில் உருண்டு விழுந்தடித்து ஓடியது. துரத்தப் போனவனை வெண்கழுத்தி நிறுத்தினாள்.

"விடுங்க. அவருக்குக் காது கொடுத்தது நாமதான். முதல்ல இவளைத் துவட்டுவோம்."

காகம் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு பசி தாங்காமல் வந்தது. துடுப்பன் வளைக்குள் உறங்கிக்கொண்டிருந்தான். வெண்கழுத்தி குட்டியின் வாயிலிருந்து ஒரு நத்தை ஓட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். காகம் தயங்கித் தயங்கி அருகில் நகர்ந்தது.

"தங்கச்சி, மாப்பிள்ளையைப் பத்தி ஒரு விஷயம்..."

"அப்படியா அண்ணே? உக்காருங்க. அவரு எழுந்ததும் அவரு முன்னாலேயே சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டுக்கிறோம்."

காகம் இறக்கையைக் கோதிக்கொண்டது. வானத்தைப் பார்த்தது. "மழை வர்ற மாதிரி இருக்கு. நான் போயிட்டு வரேன்!" என்று எழும்பிப் பறந்துவிட்டது.

கணவன் மனைவிக்குள் ஒரு மனக்குறை வந்தால், அதை மூன்றாமவர் வாயால் கேட்டு மனதில் பூட்டி வைக்காமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டுவிடுவதே அந்த வீட்டுக் குழந்தைக்கு உற்ற பாதுகாப்பு.