கீரி மாற்றி வாங்கிய பை

கடலைத் தொட்டபடி ஒரு காடு. அந்தக் காட்டில் ஒரு கீரி இருந்தது, குழந்தைகளே. அதன் ஒரே தங்கை கடலுக்கு அப்பால் ஒரு தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தது. தங்கைக்கு நான்கு குட்டிகள் பிறந்திருப்பதாகச் செய்தி வந்தது. தீவுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு படகுதான். கீரி உடனே பயணத்துக்கு ஆயத்தமானது.

அதே படகில் பக்கத்து மரத்து மந்தியும் போவதாக இருந்தது. இரண்டும் சேர்ந்து பை வாங்கத் தையல்சிட்டிடம் போயின.

தையல்சிட்டு ஒரு நார்க்கயிற்றை எடுத்து இருவர் தோளையும் அளந்தது.

"படகில் இடம் குறைவு. சுமக்கிறவர் தோளைவிடப் பை அகலமாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள். அதனால் பையின் நிறத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் முதுகைப் பாருங்கள்" என்றது.

கீரிக்குத் தேக்கிலையில் ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தது. கீரி அதை மாட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தது. பை ஆடவே இல்லை.

"ஆகா, எனக்கு இதுவே போதும்!" என்று மகிழ்ந்தது கீரி.

மந்திக்குக் கிடைத்தது தாழை நாரில் முடைந்த பெரிய மஞ்சள் பை. அதில் நான்கு அறைகள் இருந்தன. தண்ணீர்க் குடுவைக்குத் தனி இடம். மழை வந்தால் மூடிக்கொள்ள ஒரு மடிப்பு.

திரும்பும் வழியில் மான் நின்றது. "அடேயப்பா மந்தி, என்ன அழகான பை!" என்றது. மயிலும் மந்தியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. கீரியின் பையை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். அன்று கீரிக்கு இரை இறங்கவில்லை. 'அவளுக்கு மட்டும் நான்கு அறையா? அவள் முதுகு என்ன தங்கமா?' என்று உள்ளுக்குள் புழுங்கியது.

மறுநாள் காலையில் மந்தியிடம் போனது.

"அக்கா, ஒன்று சொன்னால் வருத்தப்பட மாட்டாயே? இந்தப் பையை மாட்டினால் உனக்குக் கூன் விழுந்ததுபோல் இருக்கிறது. நேற்று எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள்."

மந்தி எதையும் நம்பிவிடும். "ஐயோ! இப்போது என்ன செய்வது தம்பி?"

"உனக்காக நான் அதைச் சுமக்கிறேன். நீ என்னுடையதை வைத்துக்கொள்."

பைகள் கைமாறின. மந்தியின் சாமானில் பாதிதான் சின்னப் பையில் அடங்கியது. மீதியை அது மரத்திலேயே விட்டுவிட்டது.

கீரி தன் மருமக்களுக்குத் தேனடையும் கிலுகிலுப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பியது. பை அதன் பின்னங்கால் வரை தொங்கி மணலில் இழுபட்டது. கீரிக்கு அது உறைக்கவில்லை. மயில் பார்க்கிறதா என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

கரையில் படகோட்டி நீர்நாய் ஒரு கோலோடு நின்றது. மந்தியை அளந்து ஏற்றியது. அடுத்து கீரியை அளந்தது.

"இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறதே! இதோடு ஏற முடியாது."

"கொஞ்சம் விட்டுவிடுங்கள் அண்ணே!"

"விட்டால் பக்கத்தில் இருப்பவர் மடியில் உன் பைதான் உட்காரும்."

மந்தி படகிலிருந்து எழுந்து கையை நீட்டியது. "தம்பி, அதை என்னிடம் கொடு. உன் பையை நீயே வாங்கிக்கொள். சீக்கிரம்!"

கீரி யோசித்தது. கொடுத்துவிட்டால் மஞ்சள் பை மறுபடியும் மந்தியின் முதுகில் ஏறும். தீவில் இருப்பவர்கள் எல்லாரும் மந்தியை மெச்சுவார்கள். கீரி வார்களை இறுகப் பிடித்துக்கொண்டது.

"தர மாட்டேன்! இது என் பை!"

"தங்கையைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டது மந்தி.

கீரி இரண்டடி பின்னால் நகர்ந்தது. நீர்நாய் அதற்குமேல் காத்திருக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தது. படகு அலைகளைத் தாண்டிய பிறகுதான் கீரிக்குப் பகீரென்றது.

"அண்ணே, நிறுத்துங்கள்! பையைத் தந்துவிடுகிறேன்!" என்று கரையோரமாக ஓடியது. அலைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

தீவில் தங்கைக் கீரி குட்டிகளோடு வந்து காத்திருந்தது. இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தது. கடைசியில் மந்தியிடம் வந்தது.

"என் அண்ணன் எங்கே?"

"கரை வரைக்கும் வந்தான்" என்றது மந்தி.

"பிறகு?"

நான்கு குட்டிகளும் காலியான படகை எட்டி எட்டிப் பார்த்தன.

நீதி: தனக்குப் பொருந்துமா என்று பாராமல், அடுத்தவரிடம் இருக்கிறதே என்று பொறாமைப்படுபவர் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர மாட்டார்.