முந்நூறு இறகு முதல்

ஓடைக்கரைக் காட்டில் சூரப்பன் என்று ஒரு கீரி இருந்தான். ஒரு காலத்தில் ஒரு நல்லபாம்பை ஜெயித்தவன். அதைக் காடு மறக்க வழியே இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனே ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தான்.

"நல்லபாம்பையே ஏமாத்தினவன்யா நான்! என்னை ஏமாத்த எவன் பொறந்திருக்கான்?" என்பான்.

அப்பேர்ப்பட்ட சூரன் குடியிருந்தது ஓடையோரப் பள்ளத்தில், ஓர் ஈர வளையில். போன ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்து, பிறந்து மூன்றே நாளான குட்டி ஒன்று போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் மனைவி சிட்டாள் மேகத்தைப் பார்த்தாலே பேச்சை நிறுத்திவிடுவாள். இப்போது அவள் மறுபடியும் வயிற்றுப்பிள்ளைக்காரி.

"இந்தத் தடவை பிள்ளை மேட்டுலதான் பொறக்கணும். பள்ளத்துல நான் பெத்துக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு வழியும் இருந்தது. ஆலமரத்தடியில் மாடத்தி என்ற கரடி கடை வைத்திருந்தாள். தேனோ கிழங்கோ, எது வாங்கினாலும் கொசுறாக ஒரு குன்றிமணி கொடுப்பாள். நூறு குன்றிமணி சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவளே வந்து மேட்டில் ஒரு புது வளை தோண்டித் தருவாள். சொன்ன சொல் மாறாதவள்.

சூரப்பன் ஒரு வருஷமாகச் சேர்த்தான். தேன் அவனுக்குப் பிடிக்காது. ஆனாலும் கொசுறுக்காகத் தேன் வாங்கி வாங்கிக் குடித்தான். வயிறு கெட்டது, மணி சேர்ந்தது. புரட்டாசிக் கடைசியில் நூறாவது மணியும் கைக்கு வந்தது.

சிட்டாள் அத்தனையையும் ஒரு தேக்கிலையில் வைத்து, நாரால் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். "நேரா மாடத்தி அக்காகிட்டப் போங்க. வழியில யார்கிட்டயும் பாம்புக் கதை பேசாதீங்க" என்றாள்.

பேசாமல் இருந்தால் அவன் சூரப்பனா?

வழியில் மலைச்சரிவில் ஒரு பெரிய குகை. அதற்கு 'மயில் மாளிகை' என்று பெயர் வைத்து மயிலார் விடுதி நடத்திவந்தார். அவருக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தோகையை விரிப்பார், பிறகு மடக்குவார். வாசலில் ஆள் பிடிக்கச் சொக்கன் என்ற கிளியை வைத்திருந்தார். அவன் வாயைத் திறந்தால் சொக்குப்பொடிதான்.

"அண்ணே! நீங்க பாம்பை ஜெயிச்ச சூரப்ப அண்ணன்தானே?" என்று கூவினான் கிளி.

சூரப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆமா, நானேதான்!"

"கையில என்னண்ணே, குன்றிமணியா? ஐயையோ! இதைக் கரடிகிட்டக் குடுத்து மண்ணு தோண்டவா போறீங்க? உங்க தகுதிக்கு வளையா? இங்க குடுங்க. ஒரு மணிக்கு மூணு மயிலிறகு! நூறுக்கு முந்நூறு! இன்னிக்குப் பொழுது சாயிற வரைக்கும்தான்!"

"முந்நூறு இறகை வெச்சு என்ன பண்றது? காது குடையிறதா?"

கிளி தன் வளைந்த மூக்கால் வாசல் பலகையைக் காட்டினான். 'மழைக்கால அறை: முந்நூறு இறகு முதல்' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

சூரப்பன் படித்தான். முதல் என்றால் என்ன? கடைக்கு முதல் போடுகிறார்களே, அந்த முதல். முந்நூறு இறகை முதலாகப் போட்டால் மழைக்காலம் முழுக்க அறை! கேள்வியை அவனே கேட்டு, பதிலையும் அவனே சொல்லிக்கொண்டான். விவரம் தெரிந்த கிளி எதிரில்தான் நின்றான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய வீரன் சந்தேகம் கேட்டால் மானம் போய்விடும் அல்லவா!

"குடுத்த மணி திரும்பி வராதுண்ணே" என்று கிளி வேகமாக வாய்க்குள்ளேயே முனகினான்.

"திரும்பி எதுக்கு வரணும்? நானே மாளிகைக்கு வரப்போறேன்!" என்று முடிச்சோடு கொடுத்துவிட்டான் சூரப்பன்.

அது மயிலாருக்குத் தோகை உதிர்கிற காலம். குகைக்குப் பின்னால் குப்பையோடு குப்பையாகக் கிடந்த இறகுகளைக் கிளி கூட்டி அள்ளிக் கட்டிக்கொடுத்தான். கூடவே ஒரு சின்னக் கொண்டையும் கொடுத்தான்.

"இனிமே நீங்க எங்க 'கொண்டை அங்கத்தினர்' அண்ணே! இதைத் தலையில வெச்சுக்கிட்டு வந்தா வாசல்லயே ஒரு சொட்டுப் பனித்தண்ணி இலவசம்!"

கீரித் தலையில் மயில் கொண்டை! பார்த்த குரங்குகள் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழப் பார்த்தன. எல்லாம் பொறாமை என்று சூரப்பன் நினைத்துக்கொண்டான்.

சிட்டாள் சிரிக்கவில்லை. "வளை எங்க?" என்று கேட்டாள்.

"வளையா? மாளிகைடி! மணி மூணு மடங்காயிடுச்சு, பாரு!"

"மழை பெஞ்சா இந்த இறகுக்குள்ள போய்ப் படுக்க முடியுமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றான் அந்த மேதாவி.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. சிட்டாளுக்கு இடுப்பு வலி ஆரம்பித்திருந்தது. சூரப்பன் இறகுக் கட்டைச் சுமந்துகொண்டு, கொண்டையைச் சரிசெய்தபடி அவளை மாளிகைக்குக் கூட்டிப்போனான்.

"வாங்க, கொண்டை அங்கத்தினரே!" என்று கிளி ஓர் இலையை நீட்டினான். இலையில் ஒரு சொட்டுப் பனித்தண்ணீர். மழையில் தொப்பலாக நனைந்து வந்தவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உபசாரம்!

"அதெல்லாம் இருக்கட்டும். அறையைத் திற! இவளுக்கு வலி கண்டிருக்கு!"

"ஆயிரத்து இருநூறு இறகு எடுங்க."

"என்னது? பலகையில முந்நூறு முதல்னு போட்டிருக்கே!"

"முதல்னுதானே போட்டிருக்கு? முந்நூறுல ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். முந்நூறு தூறலுக்கு, அதுவும் ஒரு பொழுதுக்கு. இது அடைமழை. எங்க முடியும்னு நாங்க எழுதவே இல்லையே!" என்றான் கிளி. இந்தத் தடவை அண்ணே இல்லை.

"அப்போ என் குன்றிமணியைக் குடு!"

"திரும்பி வராதுன்னு அன்னிக்கே சொன்னேன். எதுக்கு வரணும்னு நீங்கதான் கேட்டீங்க."

உள்ளேயிருந்து மயிலார் கழுத்தை நீட்டினார். "யாரது சொக்கா? ஈரத்தோட உள்ள வந்துடப் போறாங்க. அந்த இறகெல்லாம் எனக்கு உதிர்ந்துபோன பழசு. தை பொறந்தா செல்லாதுன்னும் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சூரப்பன் சீறினான், மயிரைச் சிலிர்த்தான். பாம்புக்குப் பயன்பட்ட வித்தை பலகைக்குப் பயன்படவில்லை.

சிட்டாள் மேட்டை நோக்கி நடந்தாள். அங்கே மாடத்தி நனைந்துகொண்டே ஒரு புது வளை தோண்டிக்கொண்டிருந்தாள். அகலமான வளை, உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. சூரப்பனுக்கு உயிர் வந்தது.

"அக்கா! எங்களுக்குத்தானே தோண்டுறே?"

"உங்களுக்கா? இது மயிலாரோட ஆர்டர் தம்பி. நூறு குன்றிமணி மொத்தமா அனுப்பிட்டாரு. தேக்கிலை முடிச்சைக்கூட அவிழ்க்காம வந்துச்சு, இதோ பாரு."

சிட்டாள் பார்த்தாள். மூன்று முடிச்சும் அவள் போட்டது.

அவள் வாயைத் திறப்பதற்குள் சொக்கன் பறந்துவந்து வளை வாசலில் புதுப் பலகை ஒன்றை மாட்டினான். 'மேட்டு வளை: அறுநூறு இறகு முதல்!'

"என் பிள்ளை பொறக்க வேண்டிய வளை இது. வாய்ப் பெருமைக்கு வித்துட்டு வந்துட்டீங்களே!" என்று சிட்டாள் அழுதாள்.

மாடத்திக்கு விஷயம் புரிந்தது. "அழாதே தாயி. கடையில கிழங்கு மூட்டைக்குப் பின்னால ஒரு மூலை காஞ்சு கிடக்கு. வா" என்று அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். அன்று மத்தியானமே மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றும் பிழைத்தன.

மூலை சும்மா கிடைக்குமா? சூரப்பன் அந்தக் கடையில் வேலைக்காரன் ஆனான். முந்நூறு இறகையும் சேர்த்துக் கட்டி மாடத்தி ஒரு துடைப்பம் செய்தாள். கொண்டையைத் துடைப்பத்தின் நுனியில் செருகினாள். அந்த இறகுகள் உருப்படியாக ஒரு வேலை செய்தது அப்போதுதான்.

கடைக்கு வருகிறவர்களிடம் அவன் "நான் அந்தக் காலத்துல ஒரு நல்லபாம்பை..." என்று வாயெடுத்தால் போதும், உள்ளேயிருந்து சிட்டாளின் குரல் வரும்.

"முதல்ல அந்த மூலையைக் கூட்டுங்க!"

அந்த 'முதல்' என்ற சொல்லுக்கு மட்டும் இப்போது அவனுக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும்.

கைக்கு உதவுகிற ஒன்றைக் கொடுத்துவிட்டு, அடுத்தவன் நினைத்தபடி விலை வைக்கிற மூன்றை வாங்குகிறவனுக்கு முதலும் மிஞ்சாது!