கம்பளத்தில் ஏறிய கோடு

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் விசித்திர ஆசைகள் அதிகமாகவும் இருந்த முன்னொரு காலத்தில், ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தாரென்றால் லேசில் விடமாட்டார். அவருடைய சபையில் விகடகவியாக இருந்தவன் அம்பலவாணன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. அன்றைக்கோ அவனுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் விடியலில் அவன் மகள் பொன்னாச்சிக்குக் கல்யாணம். கல்யாணம் நடக்கும் ஊருக்கு ஒரு பகல் முழுக்க வண்டியில் போக வேண்டும். காலையில் தலையைக் காட்டி, ராஜாவிடம் விடை பெற்றுக் கிளம்பிவிடலாம் என்று சபைக்கு வந்தவன் வசமாக மாட்டிக்கொண்டான். மாட்டிவிட்டவர் மந்திரி மழவராயர். அம்பலவாணன் வாங்கும் ஒவ்வொரு பரிசும் தம் மடியிலிருந்தே போவதுபோல வயிறெரிகிறவர்.

ராஜாவின் சிவப்புக் கம்பளத்தை ஒட்டித் தரையில் மந்திரி சுண்ணக்கட்டியால் ஒன்பது புள்ளிகள் வைத்திருந்தார். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. பக்கத்திலேயே தம் ஆசனத்தையும் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மகாராஜா, கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் சொன்ன புதிர் இது. நான்கே நேர்கோடுகள். வைத்த கையை எடுக்கக் கூடாது. ஒன்பது புள்ளிகளையும் தொட வேண்டும். விடையை அடியேன் கண்ணாரப் பார்த்தேன்."

"நீர் சொல்லாதீர்! நாங்களே கண்டுபிடிக்கிறோம்" என்றார் ராஜா. "அதுவரை ஒருவரும் வெளியே போகக் கூடாது. கதவைச் சாத்துங்கள்!"

சேனாபதி முயன்றார். ஐந்து கோடுகள் ஆயின. ஜோசியர் முயன்றார். அவருக்கும் ஐந்து, சனி பார்வை சரியில்லை என்றார். ராஜாவே முழங்காலிட்டுப் போட்டுப் பார்த்தார். அவருக்கும் ஐந்துதான். எல்லோருடைய கோடும் ஓரத்துப் புள்ளிக்கு வந்ததும் சுவரில் முட்டியதுபோல நின்றது. அந்தக் கம்பளத்தின் மேல் ராஜாவைத் தவிர யாருடைய விரலும் படக்கூடாது என்பது அரண்மனை வழக்கம். கப்பம் கட்ட வருகிற சிற்றரசர்கள்கூட ஒரு முழம் தள்ளி நின்றுதான் கும்பிடுவார்கள். அந்தப் பழக்கம் ராஜாவின் கைக்கும் தொற்றியிருந்தது.

"பிரபு, என் மகள் கல்யாணம்..."

"நாளைக்குத்தானே? புள்ளியைப் பார், அம்பலவாணா!"

இப்படியே மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் இதே பதில். வெயில் உச்சிக்கு ஏறியது. அப்பா எங்கே, அப்பா எங்கே என்று பெண் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்தபோது அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோசியர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வெடுக்கென்று பிடுங்கினான்.

எதிர் வரிசையின் கோடிப் புள்ளியில் கை வைத்து, ராஜாவை நோக்கி நேராக இழுத்தான். மூன்று புள்ளிகளைத் தொட்ட கோடு நிற்கவில்லை. கம்பளத்தின் மேல் ஏறி, ராஜாவின் கால் கட்டைவிரல் வரை போயிற்று.

"ஐயையோ, கம்பளம்!" என்று சபையே எழுந்துவிட்டது.

அவன் காதில் எதுவும் விழவில்லை. கையை எடுக்காமல் சாய்வாகத் திரும்பி, இரண்டு புள்ளிகளைத் தொட்டு, மழவராயரின் ஆசனத்தில் போய் முட்டினான்.

"எழுந்திருங்கள்."

"முடியாது, ஓய்!"

"எழுந்திருக்காவிட்டால் வேட்டி மேலேயே போடுவேன்."

"எழுந்திருமய்யா!" என்று ராஜா அதட்டினார். மந்திரி எழுந்தார்; ஆசனம் நகர்ந்தது. அது இருந்த இடத்தில் கோடு முடிந்து, அங்கிருந்து எதிர் வரிசை வழியே தொடங்கிய புள்ளிக்கே திரும்பியது. கடைசிக் கோடு நடுப்புள்ளியைக் குறுக்கே கடந்து மிச்சமிருந்த மூலைப் புள்ளியைத் தொட்டது. நான்கே கோடுகள்.

"அபசாரம்! கம்பளத்தைத் தொட்ட கையை வெட்ட வேண்டும்!" என்று கத்தினார் மழவராயர்.

"கோடு நேராக இருக்க வேண்டும் என்றீர்கள், இருக்கிறது. கையை எடுக்காதே என்றீர்கள், எடுக்கவில்லை. இந்த இடத்தோடு நிறுத்து என்று யாராவது சொன்னீர்களா?" என்றான் அம்பலவாணன். அவன் குரலில் பயமில்லை, எரிச்சல்தான்.

ராஜா மந்திரியிடம் சுண்ணக்கட்டியை நீட்டினார். "நீர் பார்த்த விடையைக் கம்பளத்தைத் தொடாமல் போட்டுக் காட்டும்."

மழவராயர் புள்ளிகளைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார், தம் ஆசனத்தைப் பார்த்தார். கை எழவில்லை. விடை போகிற பாதையை அறிந்தே அதை அடைத்து வைத்தவர் எதைப் போடுவார்? ராஜாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அது கிடக்கட்டும். எங்கள் யார் கண்ணும் புள்ளியைத் தாண்டவில்லையே. உனக்கு மட்டும் எப்படியடா தோன்றியது?" என்று கேட்டார்.

"புத்தியெல்லாம் ஒன்றுமில்லை, பிரபு. நீங்கள் எல்லோரும் புள்ளியைப் பார்த்தீர்கள். நான் காலையிலிருந்து அந்த வாசல் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பொன்னாச்சிக்கென்று கொடுத்தார். தம்முடைய தேரையே பூட்டச் சொன்னார். "மழவராயரே, வழியில் யாரும் மறிக்காதபடி நீர் குதிரையில் முன்னால் போம்" என்றார்.

மறுநாள் விடியலில் பொன்னாச்சிக்குத் தாலி ஏறியபோது முதல் அட்சதை அவள் அப்பன் கையிலிருந்துதான் விழுந்தது. மழவராயர் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து, பாயசம்வரை சாப்பிட்டார். வேறு என்ன செய்வார்?