ரோலில் மிஞ்சிய ஒரு படம்

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வருகிறவர்கள் முக்தி, கர்மா என்று பெரிய பெரிய கேள்விகளாகத்தான் கொண்டுவருவார்கள். பிரமநாயகம் கேட்டது வேறு.

"சாமி, டிஜிட்டல் கேமரா வந்தபிறகு வீட்டுல போட்டோ எடுக்கிறவனுக்கு ஃபிலிமே வேண்டாம்னு சொல்லுதாங்களே, அது சரிதானா?"

சுற்றியிருந்த சீடர்கள் சிரித்தார்கள். சுவாமி சிரிக்கவில்லை. பிரமநாயகத்தைவிட அவர் வயதில் இளையவர். இந்த மனிதர் மனைவியைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"ஃபிலிம்தான் சாமி உசத்தி. டிஜிட்டல் என்னை ஏமாத்திட்டுது."

கொட்டித் தீர்த்தார் மனிதர். தெருவிலேயே முதலில் டிஜிட்டல் கேமரா வாங்கியவர் அவர்தான். தேரோட்டம், ஆற்றில் வெள்ளம், பேரனின் மொட்டை, பேத்தியின் பல் விழுந்த வாய் என்று கம்ப்யூட்டர் முழுக்கப் படங்கள். மனைவி கோமு இறந்ததும் படத்திறப்புக்குத் தேடினால், அத்தனையிலும் அவள் இல்லை. கடைசியில் ஃபிலிம் காலத்து ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். அவளை ஒளித்துவைத்தது கேமராதான் என்பது அவர் கட்சி.

"சின்ன வயசுப் படம் சாமி. துட்டி கேட்க வந்தவங்க, செத்தது மருமகளான்னு கேட்டாங்க. நரைச்ச தலையோட அவ எப்படி இருந்தான்னு எனக்கே இப்ப சரியா ஞாபகம் வரமாட்டேங்கு."

"இத்தனை வருஷத்துல ஒரு படத்துலகூட அவங்க விழலையா?"

"விழுவா. பேரனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே குறுக்க வந்துருவா. படம் கெட்டுப்போச்சுன்னு உடனே அழிச்சுருவேன். டிஜிட்டல்ல அந்த வசதி இருக்குல்லா?"

பிரமநாயகமே தொடர்ந்தார்.

"ஃபிலிம்ல அப்படி அழிக்க முடியாது. அதான் உசத்திங்கேன். ஒவ்வொரு ரோலுக்கும் அவ படம் ஒண்ணு தவறாம இருக்கு."

சட்டைப் பையிலிருந்து அப்படி ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அடுக்களை வாசலில் ஒரு பெண். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். ஈரக் கையால் அவசரமாகத் தலையை ஒதுக்கியதில் நெற்றியில் இட்லி மாவு ஒட்டியிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அதென்ன, ரோலுக்கு ஒண்ணு?" என்று கேட்டார் சுவாமி.

"ஊருக்குப் போனா, கல்யாணம் காட்சின்னா எடுப்போம். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பார்த்தா ஒண்ணு மிச்சம் நிக்கும். ரோல் தீர்ந்தாத்தானே ஸ்டுடியோவுல கழுவக் கொடுக்க முடியும்? அப்போ இவளைக் கூப்பிட்டு நிறுத்துவேன்."

"என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

பிரமநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க."

"'ஏளா, ஒண்ணு மிச்சம் கெடக்கு, வீணாப் போயிரும். சும்மா வந்து நில்லு'ம்பேன்."

சுவாமி அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அதைப் பிரமநாயகத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அதுக்கா இந்த அம்மா இவ்வளவு சந்தோஷமா வந்து நின்னிருக்காங்க?" என்றார்.